பனியன் போடாத வயர்

பனியன் வாங்கும் விஷயத்தில் என்னை ஏமாற்ற இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை. கழுத்துப் பட்டியை இரண்டு கட்டை விரலாலும் ஒரு இழு இழுத்து விட்டால் போதும். அது எத்தனை துவைப்பு தாங்கும், எந்த மாதம் தொளதொளத்து நெஞ்சு வரைக்கும் இறங்கும் என்று சொல்லிவிடுவேன். ஆனால் இந்தத் திறமையைப் பற்றி நான் வெளியில் பெருமை பேசுவதில்லை. இதே கையால், இதே மாதிரி இழுத்துப் பார்த்து, என் இருபத்து நான்காவது வயதில் ஒரு பொருளை வாங்கினேன். அதோடு சேர்த்து நடந்திருக்க வேண்டிய ஒரு கல்யாணத்தையும் கெடுத்துக்கொண்டேன். (கல்யாணம் பிறகு வேறு இடத்தில் நடந்தது. என் வீட்டுக்காரி சரசு இதைப் படிப்பாள் என்பதால் இப்போதே எழுதி வைக்கிறேன்: நன்றாகவே நடந்தது.)

அந்தப் பொருள், எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாட்டுகிற சுருள் வயர்.

எழுபதுகளின் நடுவில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து முடித்த பனியன்கள் குவியல் குவியலாக என் மேஜைக்கு வரும். கழுத்துப் பட்டியை இழுத்து விட வேண்டும். சுருக்கென்று பழைய அளவுக்குத் திரும்பினால் பாஸ். அப்புறம் பார்க்கலாம் என்று சாவகாசமாகத் திரும்பினால் ரிஜெக்ட். நாலு வருஷமாக இதே வேலை. ஒரு தடவை பல்லடம் பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் சட்டைக்கு மேலே பனியன் கழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. என் கை தானாகப் போய் இழுத்துவிட்டது. அவர் திரும்பி, "என்னப்பா?" என்றார். "ரிஜெக்ட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் வேறு ஆள். துரைசாமி அண்ணனின் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவன். அண்ணன் வார நாட்களில் நிட்டிங் மிஷின் ரிப்பேர் பார்ப்பார். ஞாயிறு ஆனால் கையில் இருக்கிற ஆயில் கறையோடு ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். கிட்டார் குழுவின் சொத்து. மெட்ராஸில் செய்தது, குங்கும நிறம். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஐந்து கார்டு, அதாவது தந்திகளில் விரல் வைக்கிற ஐந்து பிடி. ஆறாவது வருகிற இடத்தில் குனிந்து ஷூ லேஸைச் சரி செய்வேன். (என் ஷூவுக்கு லேஸ் கிடையாது. யாரும் கவனித்ததில்லை.) பெல்பாட்டம் பேன்ட், காதை மூடிய முடி, கறுப்புக் கண்ணாடி என்று மற்ற எல்லாவற்றிலும் நான் முழுமையான கிட்டார் கலைஞன்.

ஆனால் நான் குழுவை விட்டுப் போகாமல் இருந்ததற்குக் காரணம் சங்கீதம் இல்லை. வசந்தா.

வசந்தா எங்கள் குழுவின் பாடகி. தபாலில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒத்திகையானாலும் கச்சேரியானாலும் மகளோடு கூடவே வருவார். ஒத்திகையில் எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்காருவார். மடியில் ஒரு குடை இருக்கும். எங்கள் ஊரில் மழை பெய்வது அபூர்வம் என்பதால் அந்தக் குடை எதற்கு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கச்சேரி மேடையில் மட்டும் அவர் கீழே, முதல் வரிசையில். ஆனால் அங்கே எனக்கு வேறொரு தடை. என் ஆம்ப்ளிஃபயர் பெட்டி எப்போதும் பின்சுவர் ஓரமாக, கரன்ட் வருகிற இடத்தில்தான் இருக்கும். அதற்கும் என் கிட்டாருக்கும் நடுவில் இருந்த வயரின் நீளம் ஆறடி. நான் பெட்டியை விட்டு நகர முடியாது. மைக்கோ மேடையின் முன்விளிம்பில். வசந்தா அங்கே சபையைப் பார்த்து நிற்பாள். நான் பின்னால் நின்று அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டு வாசிப்பேன். இரண்டு வருஷம் அவளை நான் முதுகுப் பக்கமாகவே காதலித்தேன்.

அதிலும் எனக்கு ஒரு கொடுப்பினை இருந்தது. பாடும்போது வசந்தா இடது கையைப் பின்னால் கொண்டுபோய், இடுப்புக்குப் பக்கத்தில் விரல்களால் தாளம் எண்ணுவாள். சுண்டு விரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக மடங்கும். மேல் ஸ்தாயி வரப்போகிறது என்றால் எண்ணுவதை நிறுத்தி முந்தானை நுனியைப் பிடித்துக்கொள்வாள். சபையில் ஐந்நூறு பேர் இருந்தாலும் இது யாருக்கும் தெரியாது. பின்னால் ஆறடி வயரில் கட்டிப் போட்டிருந்த எனக்கு மட்டும் தெரியும். அந்த விரல்களைப் பார்த்துத்தான் நான் வாசித்தேன். வாரம் முழுக்கக் கழுத்துப் பட்டி இழுக்கும்போதும் அந்த விரல்கள்தான் கண்ணுக்குள் மடங்கிக்கொண்டிருக்கும். ஏங்கிப் போயிருந்தேன் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதுதான்.

ஒரு ஞாயிறு ஒத்திகை முடிந்து டீக்கடையில் நிற்கும்போது துரைசாமி அண்ணன் சொன்னார்:

"டேய் கந்தா, வெசயம் தெரியுமா? வசந்தாவ அடுத்த வாரம் வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்களாம். அமராவதி நகர் பக்கம் தோட்டங்காடு இருக்குதாம். கண்ணாலத்துக்குப் பொறவு மேடையில பாட உடமாட்டாங்களாம்."

எனக்கு வாயிலிருந்த டீ உள்ளே போகவில்லை, வெளியிலும் வரவில்லை.

"உனக்கு அந்தப் புள்ள மேல ஒரு இது இருக்குதுன்னு நம்ம தபேலாவுக்குக்கூடத் தெரியும்டா. சொல்றதுன்னா வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லிப்போடு."

"அண்ணா, நீங்களே அவங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை..."

"நான் ஆர்மோனியக்காரன், தரகன் இல்ல. மொதல்ல அந்தப் புள்ளைகிட்ட நீ கேளு. அது சரின்னுதுன்னா, உங்கப்பனக் கூட்டிட்டு நானே போறேன். சாதி சனமெல்லாம் ஒண்ணுதானே, அப்பறம் என்ன?"

எங்கே கேட்பது? ஒத்திகையில் குடை. தெருவில் குடை. கோயிலில் குடையோடு அம்மாவும். யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு இடம்தான் மிஞ்சியது. எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எங்கள் குழுவின் கச்சேரி. பெண் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால். அதில் ஒரு பாட்டில், பல்லவி முடிந்ததும் கிட்டார் மட்டும் தனியாக வருகிற ஒரு இடையிசை இருந்தது. அந்த நேரத்தில் வசந்தா மைக்கை விட்டு அரையடி தள்ளிச் சும்மா நிற்பாள். நான் வாசித்துக்கொண்டே முன்னால் நடந்து போய் அவள் பக்கத்தில் நின்று, மைக்கில் விழாமல், ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வாக்கியமும் தயார் செய்துவிட்டேன்: "வெள்ளிக்கெழம வேண்டாம்னு சொல்லீருங்க, எங்கூட்டுல இருந்து வர்றோம்." பத்து நாள் கழுத்துப் பட்டி இழுத்துக்கொண்டே இதை மனப்பாடம் செய்தேன்.

இஞ்ச் டேப் வாங்கிப்போய், மேடை போடப்போகிற கம்பெனி ஹாலில் அளந்தேன். பெட்டி வைக்கிற சுவரில் இருந்து மைக் வரைக்கும் பதினாறு அடி.

பதினாறு அடிக்கு நேர் வயர் வாங்கினால் ஆயிற்றே என்று நீங்கள் கேட்பீர்கள். நேர் வயர் மேடையில் பாம்பு மாதிரி கிடக்கும். யாராவது மிதிப்பார்கள், ஆர்மோனியத்தின் காலில் சுற்றும். இது வெளியில் சொன்ன காரணம். உண்மையான காரணம், ஒரு பத்திரிகையில் நான் பார்த்த வெளிநாட்டுக்காரன் படம். தோளில் கிட்டார், அதிலிருந்து சுருள் சுருளாக ஒரு வயர் வளைந்து இறங்கிப் போகும். அந்த வயரோடு நடந்து போகிறவனை எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள் என்று நான் நம்பினேன்.

அடுத்த லீவு நாளில் கோயமுத்தூர் போனேன். ரேடியோ சாமான் விற்கிற ஒரு சின்னக் கடை. கடைக்காரர் வயசானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. கிட்டாருக்குச் சுருள் வயர் என்றதும், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே போய் இரண்டை எடுத்து வந்து மேஜையில் போட்டார். ஒன்று சாம்பல் நிறம், தடிமன், எண்ணெய் வைக்காத தலைமுடி மாதிரி மங்கலாக இருந்தது. இன்னொன்று பளபளவென்று சிவப்பு.

"இத எடுத்துக்கோங்க தம்பி" என்று சாம்பலைத் தள்ளினார். "பாக்கத்தான் சோம்பேறியாட்டத் தெரியும். உள்ளுக்குள்ள செம்புக் கம்பிய வலையாப் பின்னி, சுத்திப் போத்தியிருக்குதுங்க. வெளிய இருக்கற எரைச்சல், ரேடியோ, ஒண்ணும் உள்ளார பூராது. நீங்க எந்த ஊரு?"

"திருப்பூருங்க."

"அப்ப உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். இது உள்ள பனியன் போட்டிருக்குது. அது போடலீங்க. வெறும் ஒடம்பு."

அதற்கு நான் சொன்ன பதிலை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. பனியனால் சோறு தின்கிற ஊரில் பிறந்து, பனியன் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, நான் கேட்டேன்: "உள்ள போட்டிருக்கறது வெளிய தெரியவா போகுதுங்க?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

நான் என் வித்தையைக் காட்டினேன். சாம்பலை எடுத்து இரண்டு கையாலும் இழுத்து விட்டேன். அது மெதுவாக, யோசித்து யோசித்துத் திரும்பியது. மனசுக்குள் 'ரிஜெக்ட்' என்றேன். சிவப்பை இழுத்தேன். சுளீரென்று திரும்பி வந்து விரலில் அடித்தது. ஆஹா, பாஸ்! மூன்று தடவை இழுத்தேன், மூன்று தடவையும் அதே வேகம். இப்படி ஒரு கழுத்துப் பட்டியை என் சர்வீஸிலேயே பார்த்ததில்லை.

"தம்பி, ஒயர இழுத்துப் பாத்து வாங்கறவர இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றார் அவர். "பிளக்கத் திருகிக் கழட்டிப் பாக்கோணுமுங்க. உள்ள ஈயம் வெச்சது மினுமினுன்னு இருக்குதான்னு பாக்கோணும். பிளக்கு கையில கனமா இருக்கோணும். பொட்டியில மாட்டி, ஒயர ஆட்டிப்போட்டு, கரகரன்னு சத்தம் வருதான்னு காதக் குடுக்கோணும். ரொம்ப வெடுக்குனு திரும்பறது ஆகாதுங்க, ஆளையே இழுக்கும்."

"எத்தனை அடி போகுங்க?"

"இழுத்தா இருவது அடி. ஆனா நிம்மதியா நிக்கறது பத்தடிதானுங்க. மிச்சமெல்லாம் வலுக்கட்டாயம்."

அவர் சொன்னதில் 'இருபது அடி' என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. துணியை இழுத்துப் பிடித்து அளந்தால் கட்டிங் டேபிளில் செருப்படி விழும் என்று எங்கள் கம்பெனியில் கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பதினாறு அடிக்கு அப்பால் வசந்தா நிற்கும்போது எவனுக்கு மூளை வேலை செய்யும்? இரண்டுக்கும் விலையில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை; அந்தச் சாக்கும் எனக்குக் கிடையாது. சிவப்பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழி முழுக்க மடியில் வைத்து இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்தேன்.

ஆயுத பூஜை அன்றைக்குக் கம்பெனி, கம்பெனி மாதிரியே இல்லை. தையல் மிஷின் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், மாவிலை. நிட்டிங் மிஷினுக்கு மாலை. ஹாலின் ஒரு பக்கம் கட்டிங் டேபிள்களைச் சேர்த்துப் போட்டு, ஜமுக்காளம் விரித்து, மேடையாக்கியிருந்தோம். மேடைக்குக் கீழே, முன்விளிம்பை ஒட்டி, கடைசியில் எல்லோருக்கும் கொடுப்பதற்காகப் பெரிய பெரிய கூடைகளில் பொரி. முதல் வரிசையில் முதலாளி, அவருக்குப் பக்கத்தில் வசந்தாவின் அப்பா, அவர் மடியில் குடை.

பெட்டியை ஒரு ஸ்டூலில் வைத்து, ஸ்டூலைச் சுவரில் இருந்த ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். பெட்டிப் பக்கத்துப் பிளக் கழன்று வந்துவிடக் கூடாது என்று அதையும் துணி நாடாவால் இறுக்கிக் கட்டினேன். கிட்டார்ப் பக்கத்துப் பிளக்கைக் கட்டவில்லை. அங்கே நாடா தெரிந்தால் அழகு கெட்டுவிடுமே!

பெட்டியின் சுவிட்சைப் போட்டதும் ஙொய்யென்று ஒரு சத்தம் வந்தது. துரைசாமி அண்ணன் திரும்பினார்.

"என்னடா அது? வண்டு பூந்துக்கிச்சா?"

"சூடானாச் சரியாயிருமுங்கண்ணா."

சரியாகவில்லை. ஆனால் டிரம் சத்தத்தில் அமுங்கிப் போனது. வசந்தா அன்றைக்கு மஞ்சள் சேலை. முதல் பாட்டில் இருந்தே குரல் அப்படி இழைந்தது. ஒருவேளை இதுதான் கடைசிக் கச்சேரி என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். பின்னால் அந்த விரல்கள் மடங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கைக்குப் பக்கத்தில் போய் நிற்கப்போகிறேன் என்று நினைத்தபோது எனக்கு ஐந்து கார்டும் மறந்துவிட்டன.

அந்தப் பாட்டு வந்தது. பல்லவி முடிந்தது. வசந்தா மைக்கை விட்டு அரையடி விலகினாள். நான் வாசித்துக்கொண்டே நடந்தேன்.

முதல் பத்தடி ராஜ நடை. வயர் அந்தப் படத்தில் பார்த்த மாதிரியே வளைந்து கூடவே வந்தது. சபையில் எங்கள் செக்கிங் ஆட்கள் விசில் அடித்தார்கள். பத்தாவது அடியில் யாரோ பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. நான் விடவில்லை. உடம்பை முன்னால் சாய்த்து இன்னொரு எட்டு வைத்தேன். வயர் நீண்டது. நீண்ட வயர், பனியன் போடாத அந்த வெறும் உடம்பு வயர், ரேடியோ ஏரியல் ஆகிவிட்டது.

பெட்டியிலிருந்து கணீரென்று ஒரு ஆண் குரல் கேட்டது: "நல்ல காளையைத் தேர்ந்தெடுக்கும்போது விவசாயிகள் முதலில் அதன் கால்களைக் கவனிக்க வேண்டும்."

மாலை வானொலியில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி. முந்நூறு பேரும் என் பெல்பாட்டத்தைப் பார்த்தார்கள்.

நான் இன்னொரு எட்டு வைத்தேன். குரல் இன்னும் தெளிவானது: "நடையில் தள்ளாட்டம் இருக்கக் கூடாது. திமில் எடுப்பாக இருக்க வேண்டும். பார்வையில் மிரட்சி கூடாது." நான் முன்னால் சாய்ந்து, தோள் தூக்கி, முழி பிதுங்க, தள்ளாடிக்கொண்டிருந்தேன். முதலாளி வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். துரைசாமி அண்ணன் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, "டேய்! டேய்! போதும் வாடா!" என்று கத்தினார்.

அப்போதுதான் வசந்தா திரும்பினாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மேடையில் அவள் முகம் என் பக்கம் இருந்தது. இன்னும் மூன்றடிதான். விரல்கள் எண்ணுவதை நிறுத்தியிருந்தன. அவள் சிரிக்கவில்லை. சபையே உருண்டு சிரிக்கும்போது அவள் மட்டும், இவன் எதற்கு இவ்வளவு பாடுபட்டு வருகிறான் என்கிற மாதிரி, கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் எடை முழுவதையும் முன்னால் போட்டு வாயைத் திறந்தேன்.

"வெள்ளி..."

டப்பென்று கிட்டார்ப் பக்கத்துப் பிளக் பிடுங்கிக்கொண்டது. வயர் சுளீரென்று பின்னால் பாய்ந்து, அங்கே டிரம் பக்கத்தில் தொங்கிய தாளத் தட்டில் ணங்கென்று அடித்தது. என்னைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்த ஒரே ஆதாரமும் போய்விட்டதால் நான் முன்னால் பறந்தேன். வசந்தாவின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று இரண்டு வருஷம் ஆசைப்பட்டேன் அல்லவா? நின்றேன் என்று சொல்ல முடியாது. கடந்தேன். மஞ்சள் சேலை கன்னத்தில் லேசாக உரசியது. அடுத்தது பொரிக்கூடை.

தலைகீழாகப் பொரிக்குள் கிடந்தபோது மைக்கில் அவள் குரல் கேட்டது: "யாராச்சும் அவரத் தூக்கி உடுங்க, பாவம்." உடனே, ஒரு தாளம்கூடத் தப்பாமல், சரணத்தை எடுத்துப் பாட ஆரம்பித்துவிட்டாள்.

கச்சேரி முடிந்தது. எல்லோரும் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்க வாசலுக்குப் போனார்கள். குடையும் போனது. நான் மட்டும் மேடைக்குப் பின்னால், கழுத்தில் கிட்டாரை மாட்டியபடியே, கட்டிங் டேபிள் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். முடிக்குள் பொரி, சட்டைக்குள் பொரி. நிமிர்ந்து பார்த்தால் வசந்தா நிற்கிறாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"அடி பட்டுருச்சுங்களா?"

"இல்லீங்க."

தண்ணீரைக் கொடுத்தாள். குடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டாள். போகவில்லை.

"என்னமோ சொல்ல வந்தீங்களே. வெள்ளின்னீங்க."

"ஆமாங்க. வெள்ளிக்கெழம..."

"வெள்ளிக்கெழம?"

பக்கத்தில் யாரும் இல்லை. மைக் இல்லை, வயர் இல்லை, சபை இல்லை. பத்து நாள் மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் அவளையே பார்த்தேன். கிட்டாரின் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிறகு சொன்னேன்:

"ஒயரு எட்டலீங்க."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். வாசலில் பூசணிக்காய் உடையும் சத்தம் கேட்டது. "சரிங்க. ஒடம்பப் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போகும்போது பின்னலைத்தான் பார்த்தேன். அதுதானே எனக்குப் பழக்கம்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். தை மாதம் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணத்திலும் எங்கள் குழுதான் வாசித்தது, பாடகி இல்லாமல். நான் பழைய ஆறடி வயரில், பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்தேன். அதற்குப் பிறகு மாசக்கணக்கில் யார் பாடினாலும் என் கண் அவர்களுடைய இடது கையைத் தேடும். அங்கே வெறும் கைதான் இருக்கும். அந்த மஞ்சள் சேலை உரசிய கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இப்போது சிரிப்பாக இருக்கிறது, அப்போது அழுகையாக இருந்தது.

எனக்கு மூன்று வருஷம் கழித்துக் காங்கேயத்தில் பெண் எடுத்தார்கள். சரசு. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த துரைசாமி அண்ணன், சோறு இறங்குவதற்கு முன்னாலேயே இந்தக் கதையை ஆதியோடு அந்தமாக எடுத்துவிட்டார். பனியன் ஊர்க்காரன் பனியன் போடாத வயரை வாங்கி வந்தது, ரேடியோக்காரன் காளை மாட்டுக்கு இலக்கணம் சொன்னது, பொரிக்கூடை, எல்லாம். கடைசியில் நடந்தது மட்டும் அவருக்குத் தெரியாது. அவர் போன பிறகு நான் சாப்பிட உட்கார்ந்தேன். சரசு சிரித்துக் களைத்துப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நானே சொன்னேன். தண்ணீர் டம்ளர், வெள்ளிக்கிழமை, ஒயரு எட்டலீங்க. இன்னும் பலமாகச் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏனுங்க, அந்தப் புள்ளகிட்டப் போய் நிக்கறதுக்கு உங்களுக்குப் பதனாறு அடி ஒயரு வேண்டியிருந்துது. அது ஒயரே இல்லாம உங்ககிட்ட நடந்து வந்து நின்னிருக்குது பாருங்க."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"தண்ணி குடுக்கறதுக்கு வேற ஆளா இல்ல? வெள்ளிக்கெழமையான்னு அதுவே எடுத்துக் குடுத்துருக்குது. அதுக்கு மேல ஒரு பொம்பளப் புள்ள என்னங்க பண்ணும்? கித்தாரக் கீழ வெச்சுட்டு வாயத் தொறந்து சொல்லியிருந்தா ஆச்சு."

அத்தனை வருஷமும் நான் வயரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அவளாகத்தான் வந்தாள் என்பது அன்றைக்கு, என் பெண்டாட்டி சொல்லித்தான் எனக்கு உறைத்தது. பாதி சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன். சரசு கொஞ்ச நேரம் கழித்து வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, "போனாப் போகுது உடுங்க, நீங்க சொல்லாத போனதுனாலதான நான் இந்த ஊட்டுல இருக்கறேன்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது வழக்குச் சொல்லாகிவிட்டது. முதலாளியிடம் சம்பளம் உயர்த்திக் கேட்க நான் தயங்கினால், "மொதல்ல கித்தாரக் கீழ வைங்க" என்பாள். கடன் கேட்டு வந்த மாமனிடம் இல்லை என்று சொல்ல முழித்தால், "கித்தாரு, கித்தாரு" என்று அடுப்படியில் இருந்து சத்தம் வரும். எதிர் வீட்டுக்காரர்கள் நான் வீட்டில் ரகசியமாகக் கிட்டார் வாசிப்பதாக இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பெண் காலேஜ் முடித்த வருஷம், சில நாள் சரியாகச் சாப்பிடாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள். கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து சரசு குரல் கொடுத்தாள்:

"அம்மிணி, கித்தாரக் கீழ வெச்சுட்டு உங்கப்பாகிட்டச் சொல்லு."

பெண் கையை எடுத்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொன்னாள்: "அப்பா, நான் ஒருத்தர விரும்பறேனுங்க."

"சரி கண்ணு" என்றேன்.

பையன் பேர் என்ன, எந்த ஊர், என்ன செய்கிறான் என்றெல்லாம் அதற்குப் பிறகுதான் கேட்டேன்.